ஜாடிக்குள் என்ன இருந்தது?



இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, லயத்து வாசலில் சற்றுக் காற்றாட உட்காரும் நேரம் இது. கதை கேட்க நல்ல நேரம். ஆகவே ஒரு கதையிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊர்க் கதை அன்று. கிரேக்க நாட்டுக் கதை. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன் ஹெசியட் என்ற கவிஞர் பாடியது. அவர் அரண்மனைப் புலவர் அல்லர். நிலத்தில் பாடுபட்டவர். எப்போது உழ வேண்டும், எப்போது அறுக்க வேண்டும் என்றெல்லாம் தம் சகோதரனுக்குச் சொல்வதாக ஒரு நூல் செய்தார். அந்த நூலில்தான் இந்தக் கதை வருகிறது.

முன்பு மனிதர்கள் நோயும் நொடியும் இல்லாமல் வாழ்ந்தார்களாம். பிராமிதியஸ் என்பவன் வானுலகத்து நெருப்பைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டான். தேவர்களின் தலைவனான ஜீயசுக்குக் கோபம் வந்தது. மனிதர்களைத் தண்டிக்க அவன் இடி மின்னலை ஏவவில்லை. ஒரு பெண்ணைச் செய்யச் சொன்னான். மண்ணைப் பிசைந்து அவளை உருவாக்கினார்கள். ஒவ்வொரு தேவரும் ஒவ்வொன்றைக் கொடுத்தார்கள்: அழகு, ஆடை, இனிய பேச்சு, கூடவே வஞ்சகமும். பெயர் பண்டோரா. அவளிடம் ஒரு பெரிய ஜாடி இருந்தது. அவள் மூடியைத் திறந்தாள். அதற்குள்ளிருந்து நோய், துன்பம், கவலை எல்லாம் உலகில் பரவின. அவள் மூடியைச் சாத்தியபோது நம்பிக்கை ஒன்று மட்டுமே ஜாடியின் விளிம்புக்குள் தங்கியிருந்தது.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் இந்தக் கதையைப் படித்தேன். விடுமுறையில் தோட்டத்துக்கு வந்தபோது, பெரிய படிப்பாளி என்ற நினைப்பில், என் அக்காவுக்கு இதைச் சொன்னேன். அக்கா அப்போதுதான் பால் வெட்டிவிட்டு வந்து, அரிசி களைந்துகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏன் தம்பி, வீட்டுல ஜாடின்னா அரிசி இருக்கும், உப்பு இருக்கும், ஊறுகா இருக்கும். நோயையும் துன்பத்தையும் எவளாவது ஜாடியில போட்டு மூடி வைப்பாளா? அந்த ஜாடியில மொதல்ல என்ன இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தில் அது இல்லை என்று சொன்னேன். பல ஆண்டுகள் கழித்துத்தான், அக்கா கேட்ட அதே கேள்வியை ஓர் அம்மையார் 1900-ஆம் ஆண்டிலேயே கேட்டு, விடையும் தேடியிருக்கிறார் என்று அறிந்தேன். அவர் பெயர் ஜேன் எல்லன் ஹாரிசன். அவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஜேன் ஹாரிசன் 1850-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் வட்டாரத்தில் பிறந்தார். தந்தை மர வியாபாரி. பிறந்த சிறிது காலத்திலேயே தாய் இறந்துவிட்டார். வசதியான வீடுதான், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனாலும் அக்காலத்து வசதியான வீடுகளில் ஆண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஓர் ஆசிரியையை அமர்த்துவார்கள். தையல், பாட்டு, வேதப் புத்தகம், நல்ல நடத்தை இவை போதும் என்பது எண்ணம். ஜேனுக்கோ மொழிகளின் மேல் தீராத ஆசை. கிரேக்க இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். அதைப் பார்த்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், நாளைக்குத் தனக்கென்று ஒரு வீடு வந்தால் குடும்பம் நடத்த இந்தக் கிரேக்க இலக்கணம் எப்படி உதவப்போகிறது என்று கேட்டாராம். ஜேன் தம் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் மறக்கவில்லை. பிள்ளைகளிடம் நாம் போகிற போக்கில் சொல்லும் சொல் எவ்வளவு காலம் உள்ளே கிடக்கிறது, பாருங்கள்!

1874-ல், தமது இருபத்து நான்காவது வயதில், தேர்வில் சிறந்து உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள நியூன்ஹாம் கல்லூரிக்குச் சென்றார். பெண்களுக்காக 1871-ல் ஐந்தே மாணவிகளுடன் தொடங்கப்பட்ட இடம் அது. அக்காலத்து ஏற்பாட்டை நான் சற்று விளக்க வேண்டும். அந்தப் பெண்கள் கேம்பிரிட்ஜில் படிக்கலாம். பேராசிரியர் அனுமதித்தால் வகுப்பில் உட்காரலாம். தேர்வாளர் மனம் வைத்தால் ஆண்கள் எழுதும் அதே தேர்வை எழுதலாம். ஆனால் பட்டம் மட்டும் கிடையாது. வெட்டு முடிந்து பாலும் நிறுத்தாகி, செக்ரோலில் மட்டும் பெயர் ஏறாமல் போனால் எப்படியோ, அப்படி. ஜேன் 1879-ல் கிரேக்கம், இலத்தீன் ஆகிய பழைய இலக்கியங்களில் தேர்வு எழுதி இரண்டாம் வகுப்பில் தேறினார். முதல் வகுப்பை எதிர்பார்த்தவருக்கு அது பெரிய ஏமாற்றம். கல்லூரியில் எதிர்பார்த்த விரிவுரையாளர் வேலையும் கிட்டவில்லை.

அவர் மாணவியாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிளாட்ஸ்டன் என்பவர் கல்லூரியைப் பார்க்க வந்தார். இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர், பின்னரும் பிரதமரானவர். ஹோமர் என்ற கிரேக்கப் பெருங்கவிஞரைப் பற்றித் தடித்த நூல்கள் எழுதியவர். ஜேனைப் பார்த்து, உனக்குப் பிடித்த கிரேக்க ஆசிரியர் யார் என்று கேட்டார். ஹோமர் என்று சொல்லியிருந்தால் பெரியவர் மகிழ்ந்திருப்பார். அது ஜேனுக்கும் தெரியும். வேண்டுமென்றே, யூரிப்பிடீஸ் என்று சொன்னார். தெய்வங்களையே கேள்வி கேட்டு நாடகம் எழுதியவர் யூரிப்பிடீஸ். கிளாட்ஸ்டன் மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் அங்கிருந்து நகர்ந்துவிட்டாராம். என் வகுப்பில் இப்படி ஒரு மாணவி இருந்தால் எனக்கும் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும். ஆனாலும் உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருக்கும்.

வேலை கிடைக்காத ஜேன் லண்டனுக்குப் போனார். தாய் வழியில் வந்த சிறு வருவாய் கைகொடுத்தது. அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கான பழைய கிரேக்கச் சட்டிகளும் குடங்களும் கிண்ணங்களும் இருக்கின்றன. அவற்றின் மேல் கறுப்பும் சிவப்புமாக ஓவியங்கள். ஜேன் பல ஆண்டுகள் அந்த மண்பாண்டங்களின் முன்னால் நின்று படித்தார். ஆம், படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற அறிஞர்கள் புத்தகத்தைப் படித்துக் கிரேக்கரைத் தெரிந்துகொண்டார்கள். புத்தகம் எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள், படித்தவர்கள், நகரத்துப் பெரிய மனிதர்கள். பானையின் மேல் படம் வரைந்தவனோ கூலிக்கு வேலை செய்த கைத்தொழிலாளி. திருமணம், சாவு, நீர் மொண்டு வரும் பெண்கள், நூல் நூற்கும் பெண்கள் என்று தான் கண்டவற்றையும் அவன் வரைந்தான். புத்தகத்தில் இல்லாதது பானையில் இருந்தது.

அருங்காட்சியகத்திலும் ஊர் ஊராகவும் ஜேன் பேச்சு நிகழ்த்தினார். அப்போது புதுமையாக இருந்த விளக்குப் படக் கருவியை வைத்துத் திரையில் படங்களைக் காட்டுவார். மக்கள் திரண்டு வந்தார்கள். ஒரு பேச்சின்போது அறையை இருட்டாக்கிவிட்டு, கயிற்றில் கட்டிய மரப்பட்டையைச் சுழற்றி "உர்ர்ர்" என்று ஒலி எழுப்ப இரண்டு நண்பர்களைப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தாராம். பழங்காலச் சடங்குகளில் அந்த ஒலி எப்படி மயிர்க்கூச்செறிய வைத்திருக்கும் என்று கேட்போர் உணர வேண்டும் என்பதற்காக! இன்னொரு முறை ஆண்பிள்ளைகள் பள்ளி ஒன்றில் பேசினார். பேச்சு பிடித்ததா என்று பிறகு ஆசிரியர் கேட்டார். பேச்சு பிடிக்கவில்லை, அந்த அம்மாளைப் பிடித்தது, அழகான பச்சை வண்டு மாதிரி இருந்தார் என்றானாம் ஒரு பையன். மினுமினுக்கும் நீலப்பச்சை உடை அணிந்து வந்திருந்தார். இதையும் அவரே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தொல்பொருள் பேராசிரியர் பதவிக்கு 1888-ல் விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. அந்தக் கல்லூரியில் ஒரு பெண் பாடம் நடத்துவது விரும்பத்தக்கதன்று என்று தேர்வுக் குழுவிலேயே கருத்து எழுந்தது. 1896-ல் மீண்டும் விண்ணப்பித்தார். மீண்டும் ஓர் ஆண் அறிஞருக்கே அது போயிற்று. இதற்கிடையில் 1895-ல் அபர்டீன் பல்கலைக்கழகமும், 1897-ல் டர்ஹாம் பல்கலைக்கழகமும் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தன. அதே 1897-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அவர் படித்த கேம்பிரிட்ஜில், பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. கொடுக்கலாம் என்றவர்கள் 662 பேர். கூடாது என்றவர்கள் 1,713 பேர். மிதிவண்டி ஓட்டும் ஒரு பெண்ணின் பொம்மையைச் செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டு மாணவர்கள் ஆரவாரம் செய்தார்கள். படித்தவர்கள் ஊர்!

1898-ல் நியூன்ஹாம் கல்லூரியே அவரை ஆய்வாளராக அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 48. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயதில்தான் அவருடைய உண்மையான வேலை தொடங்கியது. 1903-ல் கிரேக்கச் சமயத்தைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. 1912-ல் "தெமிஸ்" என்ற அடுத்த பெரிய நூல் வந்தது.

இனி ஜாடிக்கு வருவோம்.

பண்டோராவின் பெட்டி என்றுதான் ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஆனால் ஹெசியட் பெட்டி என்று சொல்லவில்லை. அவர் சொன்ன சொல் "பித்தோஸ்". அது ஆள் உயரம்கூட இருக்கும் பெரிய மண் ஜாடி. நம் பக்கத்துக் குதிர் அல்லது சால் போன்றது. பாதியைத் தரையில் புதைத்து வைப்பார்கள். தானியம், எண்ணெய், திராட்சை மது இவற்றைச் சேமிப்பார்கள். பிற்காலத்து அறிஞர் ஒருவர் இலத்தீனில் எழுதியபோதுதான் ஜாடி பெட்டியாகிவிட்டது. ஆக, முதலில் அதில் இருந்தது தானியமும் மதுவும். அக்கா சொன்னதும் அதுதானே!

அடுத்து, பெயர். எல்லாத் தேவர்களும் அவளுக்குக் கொடுத்தார்கள், அதனால் பண்டோரா என்று ஹெசியட் பெயருக்கு விளக்கம் சொல்கிறார். ஜேன் ஹாரிசன் அதை மறுத்தார். அந்தப் பெயருக்கு "எல்லாவற்றையும் கொடுப்பவள்" என்றும் பொருள் உண்டு. அது பூமித் தாய்க்குரிய பெயர். இதற்குச் சான்றைப் பானைகளில் காட்டினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் இரு தேவர்கள் நடுவே ஒரு பெண் நிற்கிறாள். மேலே எழுதியிருக்கும் பெயர் அனெசிடோரா. கொடைகளை மேலே அனுப்புபவள் என்று பொருள். மண்ணுக்குள்ளிருந்து முளையையும் கதிரையும் மேலே அனுப்புகிறவள் பூமிதானே? ஆக்ஸ்போர்டில் உள்ள இன்னொரு பாண்டத்தில், பண்டோரா என்று பெயர் எழுதப்பட்ட பெண் தரைக்குள்ளிருந்தே எழுந்து வருகிறாள். கைகளை உயர்த்தியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆண், கையில் மண்ணுடைக்கும் சம்மட்டியோடு.

ஆகவே நடந்தது என்ன? உழவர்கள் வணங்கிய பழைய தாய்த் தெய்வம் ஒருத்தி இருந்தாள். தானியம் கொடுத்தவள், ஜாடியை நிறைத்தவள். பிறகு தந்தையின் ஆட்சியே பெரிது என்ற காலம் வந்தது. அக்காலத்துக்குத் தலைவனாக ஜீயஸ் வந்தான். கொடுத்தவளைக் கொடுக்கப்பட்டவளாக்கினார்கள். படைத்தவளை மண்பொம்மையாக்கினார்கள். நிறைத்த ஜாடி துன்பம் பறந்த ஜாடியாயிற்று. இது ஜேன் ஹாரிசனின் வாதம்.

பெண்கள் மட்டுமே நடத்திய ஒரு திருவிழாவைப் பற்றியும் அவர் விரிவாக எழுதினார். தெஸ்மோஃபோரியா என்று அதற்குப் பெயர். ஏதென்ஸ் நகரத்துப் பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை, வழக்கு மன்றத்தில் தானே பேச முடியாது. தந்தை, கணவன் என்று எப்போதும் ஓர் ஆண் பொறுப்பாளர் உண்டு. ஆனால் இலையுதிர் காலத்தில், விதைப்புக்கு முன், மூன்று நாட்கள் மணமான பெண்கள் வீட்டை விட்டு ஒன்றாகத் தங்குவார்கள். ஆண்களுக்கு அங்கே இடமே இல்லை. நடுநாளில் பட்டினி. முன்பே பள்ளத்தில் போட்டிருந்த பன்றிகளின் மக்கிப்போன எச்சங்களை, நோன்பிருந்த சில பெண்கள் இறங்கி எடுத்து வருவார்கள். கீழே பாம்புகள் இருக்கும் என்று கைதட்டி ஓசை எழுப்பிக்கொண்டே இறங்குவார்கள். எடுத்து வந்ததைப் பலிபீடத்தில் வைத்து, விதையோடு கலந்து விதைத்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. ஊருக்கு அந்த ஆண்டுச் சோறு இந்தப் பெண்களின் கையில் இருந்தது.

இந்த விவரம் நமக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? பெரிய நூல் எதிலும் இப்படி விளக்கமாக இல்லை. லூசியன் என்ற ஆசிரியரின் நூலைப் படித்த யாரோ ஒருவர் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பில் இருந்தது. பெண்கள் செய்த வேலை ஏட்டின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. ஜேன் ஓரங்களைப் படிக்கத் தெரிந்தவர். ஒரு சமயத்தைப் புரிந்துகொள்ள, மக்கள் என்ன கதை சொன்னார்கள் என்பதைவிட என்ன செய்தார்கள் என்று முதலில் பார் என்பதே அவர் வழி. முதலில் சடங்கு, அதன் பொருள் மறந்த பிறகு அதை விளக்க வந்தது கதை.

அவர் சொன்ன எல்லாமே இன்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்று நான் சொல்லமாட்டேன். பழைய கிரேக்கத்தில் ஒரு காலத்தில் தாய்வழிச் சமுதாயம் இருந்தது, பின்னர்தான் தந்தைவழி வந்தது என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்று பிற்கால அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். சடங்கிலிருந்துதான் கதை பிறந்தது என்பதையும் எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஆசை மிகுதியால் சில இடங்களில் அவர் அளவுக்கு மேல் போய்விட்டார். ஆனால் அந்தப் பழைய உலகத்தில் பெண்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள், அவர்களைப் பற்றிச் சொன்னவர்கள் யார் என்ற கேள்வியை அவர் வைத்தார். 1975-ல் அமெரிக்காவில் சாரா பொமராய் என்ற அறிஞர் பழைய கிரேக்க, ரோமானியப் பெண்களின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். இன்று உலகத்துப் பல்கலைக்கழகங்களில் அது தனிப் பாடமாகவே நடக்கிறது.

பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற போராட்டம் இங்கிலாந்தில் நடந்தபோது ஜேன் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு இலத்தீன்: "ஹோமோ சும்". ஹோமோ என்றால் ஆணும் அன்று, பெண்ணும் அன்று, மனிதப் பிறவி. ஆணைக் குறிக்க இலத்தீனில் வேறு சொல் உண்டு. பெண் முதலில் மனிதப் பிறவி, பிறகுதான் பெண் என்பது கட்டுரையின் சாரம். இதைப் படித்தபோது எனக்குப் பெரட்டுக்களத்து நினைவு வந்தது. இத்தனை ஆள் வந்திருக்கிறது என்றுதான் கங்காணி கணக்குச் சொல்வார். ஆள் என்றால் இருபாலும்தான். வேலைக்கு எண்ணும்போது இருக்கிற அந்த நியாயம் பள்ளிக்கு எண்ணும்போது இல்லாமல் போய்விடுகிறது.

1921-ல் கேம்பிரிட்ஜ் மறுபடியும் பெண்களுக்கு முழு உரிமையை மறுத்தது. பெயரளவுக்கு ஒரு பட்டம் மட்டும் தந்தது. அந்த வெற்றியைக் கொண்டாடிய மாணவர் கூட்டம் கைவண்டியால் மோதி நியூன்ஹாம் கல்லூரியின் வாயிற்கதவைச் சேதப்படுத்தியது. மறு ஆண்டு, 72 வயதில், ஜேன் தம் கடிதங்களையும் தாள்களையும் எரித்துவிட்டுக் கேம்பிரிட்ஜை விட்டுப் பாரிசுக்குப் போனார். அறுபது வயதுக்கு மேல் ரஷ்ய மொழியைப் படிக்கத் தொடங்கியிருந்தார். ரஷ்யக் கரடிக் கதைகளைத் தம் தோழியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1926-ல் வெளியிட்டார். 1928 ஏப்ரலில் லண்டனில் காலமானார். ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெண்களுக்கு அளித்த சட்டம் அதே ஆண்டு ஜூலையில்தான் வந்தது. 1939-ல் டோரத்தி காரட் என்ற அம்மையார் கேம்பிரிட்ஜில் தொல்பொருள் பேராசிரியர் ஆனார். நியூன்ஹாமில் படித்தவர், அங்கே பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண். பேராசிரியராகிவிட்டார், ஆனால் பல்கலைக்கழகத்தின் முழு உறுப்பினர் அல்லர்! பெண்களுக்கு முழுமையான பட்டம் 1948-ல்தான் கிடைத்தது.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். ஆறாம் வகுப்பில் அக்காதான் முதல். எங்கள் வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்ற நிலை வந்தது. அக்கா அம்மாவோடு நிரைக்குப் போனார். நான் பள்ளிக்குப் போனேன். யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது புதுச் சப்பாத்து வாங்கிய மகிழ்ச்சி. பயிற்சிக் கல்லூரியில் நான் சேர்ந்தபோது கட்டிய முதல் பணம் அக்காவின் சம்பளத்திலிருந்து வந்தது. ஜேன் ஹாரிசனின் விடையை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது, அக்கா பெரிதாக வியப்படையவில்லை. "அதான் நான் அப்பவே சொன்னேனே," என்றார். பிறகு, "அந்தம்மாவுக்கு யார் படிக்கக் காசு கொடுத்தாங்க?" என்று கேட்டார். உதவித்தொகையைப் பற்றியும், தாய் விட்டுப்போன பணத்தைப் பற்றியும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

இந்த ஆண்டு என் ஆறாம் வகுப்பில் பதினோரு பெண் பிள்ளைகள். இடைநிலைப் பள்ளிக்கான படிவம் ஒன்பது பேரிடமிருந்து வந்துவிட்டது. மற்ற இரண்டு வீடுகளிலும் இந்நேரம் வானொலி பாடிக்கொண்டுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன். பேனாவும் கொண்டு வருகிறேன்.